அணு உலை ஃபில்டர் கழிவு: கடலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் கேண்டில் மாற்ற ஆள் வந்திருந்தார். பழுப்பேறிய பழைய கேண்டிலை வாசலில் போட்டதும் பக்கத்து வீட்டம்மா கேட்டார்: "கல்பாக்கத்துலயும் ஃபில்டர் இருக்குமாமே, அதை எங்க சார் போடுவாங்க?" பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. அப்புறம் மஞ்சக்குப்பம் டீக்கடை, புதுச்சேரி பஸ், கல்யாண வீட்டுப் பந்தி என்று போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள். கல்பாக்கம் நமக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கிறது, கேட்பதில் நியாயம் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அணு உலையில ஃபில்டர் எதுக்கு? அங்க என்ன தண்ணி குடிக்கிறதுக்கா?

உலைக்குள் எரிபொருளின் சூட்டை வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவது தண்ணீர். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளிலும் அது கனநீர் (கனமான வகை ஹைட்ரஜன் கொண்ட நீர்), கூடங்குளத்தில் சாதாரண நீர். குழாய்களின் உட்புறம் மிக மெதுவாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத துருத்தூள் அந்த நீரில் கலக்கிறது. அதை அப்படியே விட்டால் குழாய்க்கும் கேடு, வேலை செய்பவர்களுக்கும் கேடு. அதனால் நீரின் ஒரு பகுதியை எப்போதும் பக்கவழியாகத் திருப்பிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

தூளைப் பிடிப்பது கார்ட்ரிட்ஜ் ஃபில்டர். நம் வீட்டு வெள்ளைக் கேண்டிலுக்கு அது பெரியண்ணன். நீரில் கரைந்துவிட்டதைப் பிடிப்பது ரெசின். கடுகைவிடச் சிறிய மணிகள் அவை. உப்புத் தண்ணீர் போர் போட்ட வீடுகளில் வைக்கிற சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருப்பதும் இதே இனம்தான். காற்றுக்குத் தனியாக ஹெப்பா ஃபில்டர் உண்டு. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தை அது நிறுத்தும். அயோடின் ஆவியைப் பிடிக்கக் கரி இருக்கிறது. அந்தக் கரி பெரும்பாலும் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுச் செய்தது என்றால் யாரும் நம்புவதில்லை.

வெறும் துரு எப்படி சார் கதிரியக்கம் ஆகுது?

நியூட்ரானால், அதாவது உலைக்குள் அணு பிளக்கும்போது பறக்கும் துகளால். வால்வு போன்ற பாகங்களில் தேயாமல் இருப்பதற்காகக் கோபால்ட் கலந்த உலோகம் பயன்படுத்துவது உண்டு. அதிலிருந்து உதிர்ந்த துகள் நீரோடு உலையின் நடுவே போகும்போது, சாதாரண கோபால்ட்-59 ஒரு நியூட்ரானை விழுங்கி கோபால்ட்-60 ஆகிவிடுகிறது. வெளியே வந்து ஃபில்டரில் மாட்டுகிறது. எரிபொருள் உறையில் ஊசித்துளை விழுந்திருந்தால் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90, அயோடின்-131 இவையும் நீரில் கசிந்து அதே ஃபில்டருக்கு வந்து சேரும். ஃபில்டர் கழிவின் கதை பெரும்பாலும் இந்த நான்கைந்து பெயர்களின் கதைதான்.

கதிர் பட்டுப் பட்டு அந்த ஃபில்டரே கதிரியக்கப் பொருளாயிடாதா?

ஆகாது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருகிறவர் வீட்டுக்குக் கதிரைக் கொண்டுவருவதில்லை. காமாக் கதிர் பட்டால் பிளாஸ்டிக் நொறுங்கலாம், நிறம் மாறலாம், ஆனால் அது கதிரியக்கப் பொருளாகாது. நியூட்ரான் பட்டால்தான் பொருளே மாறும். ஃபில்டர்கள் இருக்கும் இடத்தில் அந்தத் தொல்லை கிடையாது. ஃபில்டரில் ஆபத்து என்பது அதில் ஒட்டியிருக்கும் அழுக்கு. கேட்க அற்ப வித்தியாசம் போல இருக்கும், ஆனால் ஒட்டியிருப்பதைக் கழுவலாம், பிரிக்கலாம், கெட்டியாக்கிப் பூட்டலாம்.

'குறைந்த அளவு கதிரியக்கக் கழிவு'ன்னு பேரு வச்சிருக்காங்களே, அப்போ பயமில்லைன்னுதானே அர்த்தம்?

இந்தப் பெயர்தான் இரண்டு பக்கமும் ஆளைக் குழப்புகிறது. ஒரு தரப்பு "குறைவுதானே" என்று அலட்சியமாகிறது, இன்னொரு தரப்பு "கதிரியக்கம்" என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. எரிபொருளோடு ஒப்பிட்டால் குறைவு, அவ்வளவுதான். உலக அளவில் அணுமின் கழிவின் கன அளவில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்தக் குறைந்த அளவுக் கழிவு. ஆனால் மொத்தக் கதிரியக்கத்தில் அதன் பங்கு 1 சதவீதம்தான்.

சரி, அந்த ஒரு சதவீதம் கையில் தொடக்கூடியதா என்றால், கையுறை, துடைத்த துணி, காலணி உறை போன்றவை ஏறக்குறைய அப்படி. உலைநீரைச் சுத்தம் செய்த கார்ட்ரிட்ஜும் ரெசினும் அப்படியல்ல. இந்தியாவில் திடக்கழிவை மேற்பரப்பில் அளந்து, மணிக்கு 2 மில்லி சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு) வரை, 2 முதல் 20 வரை, 20க்கு மேல் என்று தரம் பிரிப்பது வழக்கம். ஆல்ஃபாக் கதிர் விடும் பொருள் உள்ள கழிவு தனி. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட். அதாவது முதல் தரத்தின் உச்சியில் உள்ள ஒரு பொட்டலத்தை ஒட்டி அரை மணி நேரம் நின்றால் ஒரு வருடத்து ஒதுக்கீடு தீர்ந்துவிடும். 20 என்றால் மூன்றே நிமிடம். உலைநீரின் ரெசினில் ஒரு பகுதியை உலக வகைப்பாட்டில் 'இடைநிலை' என்றே எழுதுவார்கள். ஆகவே யாராவது "ஃபில்டர் எல்லாமே லோ லெவல்தான்" என்றால் பாதிதான் சொல்கிறார்.

கழட்டுன ஃபில்டரை என்ன பண்ணுவாங்க? குழி தோண்டிப் புதைச்சிடுவாங்களா?

நேரே குழிக்குப் போகாது. கார்ட்ரிட்ஜ் அடைத்துக்கொண்டதா என்று இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். அடைக்காவிட்டாலும் கதிர் அளவு ஏறினால் மாற்றிவிடுவார்கள். நீளக் கம்பிக் கருவியால் தூக்கி, ஈயம் போன்ற கனமான கவசப் பெட்டிக்குள் இறக்குகிறார்கள். ரெசினை யாரும் அள்ளுவதில்லை. தண்ணீரோடு கஞ்சி போலக் குழாயில் தள்ளித் தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். கனநீர் உலை என்றால் இடையில் ஒரு வேலை உண்டு: கனநீர் விலை அதிகம், ரெசினில் ஊறியிருப்பதைச் சாதா நீரால் மெல்லத் தள்ளி மீட்டுக்கொண்ட பிறகே ரெசினைக் கழிவாக்குவார்கள்.

அப்புறம் கெட்டியாக்குதல். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ரெசினைச் சிமெண்டில் கலந்து உருளையாக வார்த்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ரெசின் ஊறவைத்த உளுந்து மாதிரி, ஈரம் பட்டால் உப்பும். அளவுக்கு மேல் கலந்தால் சில காலத்தில் கட்டியே வெடித்துப் பிளக்கும். அதனால் எத்தனை பங்கு ரெசின் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. சீசியத்தைப் பிடித்து வைக்க வெர்மிகுலைட் போன்ற களிமண் வகைக் கனிமத்தையும் சேர்ப்பார்கள். சிமெண்டுக்குப் பதில் பாலிமரில் உறையவைக்கும் முறையும் இந்தியாவில் பயன்பாட்டில் உள்ளது.

கடைசியாகத்தான் நிலம். மிகக் குறைந்த அளவுள்ளது சாதாரண அகழிக்கு. அதற்கு மேலானது வலுவூட்டிய கான்கிரீட் தொட்டிக்கு. ஒரு மாடி வீடு முழுகும் அளவுக்கு நாலைந்து மீட்டர் ஆழம், நீர் புகாத பூச்சு, நிரம்பியதும் மேலே கான்கிரீட் மூடி. இன்னும் வீரியமானது 'டைல் ஹோல்' எனப்படும் குழிகளுக்கு. நம் ஊர் உறைகிணறு தெரியுமல்லவா, அது அடிப்பக்கமும் அடைத்து, உள்ளே உலோகத் தகடு வைத்து இருந்தால் எப்படியோ அப்படி. இந்த நிலப்புதைவு வசதி அணுமின் நிலைய வளாகத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்துக் கழிவு கல்பாக்கத்தில்தான், கடலூருக்கு லாரி வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம்.

எரிச்சுட்டா சாம்பலாப் போயிடுமே?

சாம்பலாகும், கதிரியக்கம் போகாது. நெருப்பு வேதியியல் வேலை, கதிரியக்கம் அணுக்கருவின் வேலை. ஆனாலும் துணி, காகிதம் போன்றவற்றை எரிக்கிறார்கள். சாம்பலின் கன அளவு ஐம்பதில் ஒரு பங்கு வரை சுருங்கும், புகையை ஹெப்பா பிடிக்கும். எரியாததை அமுக்குவார்கள், அது ஐந்தில் ஒரு பங்கு வரை. இடம் மிச்சம், அவ்வளவே.

300 வருஷம் காக்கணும்னு சொல்றாங்களே, அது எங்கிருந்து வந்த கணக்கு?

அரை ஆயுளிலிருந்து. ஒரு பொருளின் கதிரியக்கம் பாதியாகும் காலம் அது. பத்து முறை பாதியானால் 1024இல் ஒரு பங்கு மிஞ்சும். அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள், ஆக 80 நாளில் தேங்காய்த் தொட்டிக் கரியில் பிடித்த அயோடின் ஏறக்குறைய காலி. கோபால்ட்-60க்கு 5.27 ஆண்டு, பத்து மடங்கு போட்டால் 53 ஆண்டு. சீசியம்-137க்கு 30, ஸ்ட்ரான்சியம்-90க்கு 29 ஆண்டு. சீசியத்துக்கு முப்பதைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் 300.

முந்நூறு வருஷம் யாரு உக்காந்து காவல் காக்கிறது?

பொறியியல் கேள்விகளைவிட எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி அதற்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். சில காலம் சென்னைக்குப் பதில் அங்கிருந்துதான் ஆண்டார்கள். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். இன்று பீச்சுக்குப் போகிற பையன்களில் எத்தனை பேருக்கு அங்கே கோட்டை இருந்தது தெரியும்? அவ்வளவு காலத்துக்கு ஒரு கான்கிரீட் தொட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவல் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர வேண்டும்.

1987இல் வந்த கதிரியக்கக் கழிவு விதிகள், அனுமதியில்லாமல் அகற்றக் கூடாது, எதை எங்கே எவ்வளவு வைத்தோம் என்ற பதிவு இருக்க வேண்டும் என்கின்றன. மேற்பார்வை 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. கான்கிரீட்டைவிட அந்தப் பதிவேடுதான் முதலில் கிழியும் என்பது என் கவலை. மனைப் பத்திரத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தவர்களுக்கு இது புரியும்.

சுனாமி வந்துச்சு, தானே புயல் வந்துச்சு. தண்ணி உள்ள போயிட்டா?

2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தை அடித்த அதே அலை கல்பாக்கத்தையும் அடித்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டு, சில நாட்களில் மீண்டும் இயங்கியது. முதல் உலை ஏற்கெனவே பராமரிப்புக்காக நின்றிருந்தது. கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. குடியிருப்புப் பகுதியில் உயிரிழப்பு இருந்தது, அது கடலால்.

கழிவுத் தொட்டியைப் பொறுத்தவரை அலையைவிட நாள்பட்ட நிலத்தடி நீர்தான் எதிரி. அதனால்தான் சிமெண்டுக் கட்டி, டிரம், கான்கிரீட் சுவர், மூடி என்று ஒன்றுக்கு மேல் ஒன்று. சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் மாதிரி மழையில் எனக்கு நினைவுக்கு வருவது மூடி முடித்த தொட்டியல்ல, பாதி நிரம்பி இன்னும் மூடாமல் இருக்கிற தொட்டி. கேள்வி கேட்பதென்றால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஃபில்டர் எல்லாத்தையும் பிடிச்சிடுமா? அப்ப கடல்ல விடுற தண்ணி சுத்தமா?

முக்கியமாக ஒன்று பிடிபடாது: டிரிட்டியம். அது ஹைட்ரஜனின் கனமான தம்பி, நீர் மூலக்கூறாகவே இருக்கும். தண்ணீரிலிருந்து தண்ணீரை எப்படி வடிகட்டுவது? கனநீர் உலைகளில் அது கூடுதலாகவே உண்டாகும். அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஜப்பானின் புகுஷிமாவில் 2023 ஆகஸ்டிலிருந்து வடிகட்டிய நீரைக் கடலில் விடுவது பற்றிய சர்ச்சையும் இதைச் சுற்றியதுதான்.

கல்பாக்கத்திலும் சுத்திகரித்த நீரை, உலையைக் குளிர்விக்கும் பெருமளவு கடல்நீரோடு கலந்து, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து விடுகிறார்கள். நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை மீன், பால், அரிசி, நீர் எல்லாம் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. முதுநகர் துறைமுகத்தில் நான் மீன் வாங்குகிறேன், வஞ்சிரம் விலையைப் பார்த்துத்தான் தயங்குகிறேன்.

நெய்வேலி சாம்பல்லயும் கதிரியக்கம் இருக்காமே, அப்ப அதுவும் இதுவும் ஒண்ணுதானா?

இருப்பது உண்மை. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எல்லாவற்றிலும் துளி யுரேனியமும் தோரியமும் உண்டு. எரித்தால் கரி போய்விடும், அவை சாம்பலில் சேர்ந்து அடர்த்தியாகும். கல்பாக்கம் கடற்கரை மணலிலேகூட மோனசைட் இருப்பதால் இயற்கையாகவே தோரியம் இருக்கிறது. ஆனால் ஒன்றல்ல. சாம்பலில் இருப்பது நீர்த்துப் பரந்தது, மலையளவு. ரெசினில் இருப்பது ஒரு தொட்டிக்குள் செறிந்தது. இயற்கையிலிருந்து நாம் எல்லோரும் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். ஒன்றைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு, இரண்டு பக்கமும்தான்.

சிப்காட் கழிவா, அணுக்கழிவா, எது மோசம்?

சிப்காட் பக்கம் குடியிருப்பவர் கேட்டது. ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் காட்மியத்துக்கும் அரை ஆயுளே கிடையாது. முந்நூறு வருடம் கழித்தும் அதே பாதரசம்தான். அணுக்கழிவுக்குக் காலம் துணை, அதோடு கருவியை நீட்டினால் பெரும்பாலும் துளியளவும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வேதிக்கழிவு வாடை தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். எது மோசம் என்பது யார் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த மாதிரி சாமான் காயலான் கடைக்கு வந்துட்டா?

புதுச்சேரியில் காயலான் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் கேட்டான். ஃபில்டர் வர வாய்ப்பு மிகக் குறைவு. அவன் கவனிக்க வேண்டியது வேறு. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்தது மின் நிலையக் கழிவால் அல்ல. ஒரு கல்வி நிறுவனத்தின் பழைய ஆய்வுக் கருவி ஏலத்தில் போய், உள்ளே இருந்த கோபால்ட்-60ஐ உடைத்துவிட்டார்கள். ஒருவர் இறந்தார், பலர் சிகிச்சை பெற்றார்கள். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப்பெட்டி, மஞ்சளில் மூன்று இதழ் விசிறிச் சின்னம் இரண்டில் ஒன்று தெரிந்தாலும் வெட்டாதே, தள்ளி நில், காவல் நிலையத்துக்குச் சொல்.

ஜிப்மர்ல கூட கதிரியக்க மருந்து குடுக்கிறாங்களே, அந்தக் கழிவு?

பெரும்பாலும் காத்திருப்பதுதான் வைத்தியம். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகும். அயோடினுக்கு மேலே சொன்ன 80 நாள் கணக்கு.

என் பையன் ஒப்பந்த வேலைக்கு உலைக்குள்ள போறான் சார். அனுப்பலாமா?

அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் முடிவு அம்மா, கேட்க வேண்டியதை நான் சொல்கிறேன். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். நெஞ்சில், வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஊழியர்களுக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. நேரம் குறை, தூரம் கூட்டு, நடுவில் கவசம் வை: மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தன் அளவு எவ்வளவு என்று மாதாமாதம் கேட்டு, நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி மாறுவார், காண்டிராக்டர் மாறுவார், உடம்பு மாறாது.

இதுவரைக்கும் தப்பே நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. 2003 ஜனவரியில் பயன்படுத்திய எரிபொருளை மறுபதப்படுத்தும் கல்பாக்கம் ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, உயர் அளவுக் கழிவு குறைந்த அளவுக் கழிவுத் தொட்டிக்குள் வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன இடத்தில் ஊழியர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஆறு பேர் வரம்பை மீறிய அளவு பெற்றார்கள். ஃபில்டர் சம்பவம் அல்ல இது. ஆனாலும் சொல்கிறேன், அது 'குறைந்த அளவு' தொட்டி என்று நம்பித்தான் உள்ளே போனார்கள். பெயர் குழப்பும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை.

சார், ரெசின்ல கார்பன்-14 இருக்கும்ல? அதோட அரை ஆயுள் 5,730 வருஷம். உங்க 300 வருஷக் கணக்கு அங்க நிக்காதே?

புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. படிக்கும் பெண் கேட்டது. நிற்காது. கனநீர் உலையில் மாடரேட்டர் நீரை, அதாவது நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் நீரை, சுத்தம் செய்யும் ரெசினில்தான் கார்பன்-14 கணிசமாகச் சேரும். அதன் பீட்டாக் கதிர் வெளியிலிருந்து தோலைத் தாண்டாத பலவீனம்தான். எழுபது கிலோ மனிதர் உடம்பிலேயே இயற்கையாக ஏறக்குறைய 3,000 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) கார்பன்-14 உண்டு. ஆனால் கரைந்து நிலத்தடி நீருக்குப் போனால் உணவு வழியாக உள்ளே வரும்.

நெடுநாள் வாழும் பொருளுக்குச் செய்யக்கூடியது ஒன்றே: மேற்பரப்புத் தொட்டிக்குள் எவ்வளவு விடலாம் என்று முதலிலேயே வரம்பு போடுவது. நெடுநாள் வாழும் ஆல்ஃபாப் பொருளுக்கு உலக வழிகாட்டல் கிராமுக்குச் சராசரியாக 400 பெக்கரல் என்கிறது. அதற்கு மேல் இருப்பது ஆழ்நிலக் கிடங்குக்குப் போக வேண்டும், இந்தியாவில் அப்படியொன்று இன்னும் இயங்கவில்லை. ஆகவே அதுவரை சேமிப்பில்தான் இருக்கும். "அப்போ மாடரேட்டர் ரெசினை மத்த ரெசினோட கலக்காம வைக்கிறாங்களா?" என்று அடுத்ததாகக் கேட்டாள். பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி அது என்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.